தேர்வாய் கண்டிகையும் ஊர்ப் பொது நிலமும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர மாநில எல்லையை அடுத்து, திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்னும் சிற்றூர் இருக்கின்றது. 'கண்டிகை' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் இப்பக்கத்தில் பல உண்டு. எல்லையைக் கடந்து தெலுங்கு நாட்டிற்குச் சென்றால் அதனையொத்த சொல் 'கண்ட்ரிகை' என்று ஒலித்து, புச்சிநாயுடு கண்ட்ரிகை போன்ற பெயர்களில் வழங்குகின்றது. இச்சிறிய ஊரின் பெயரைத்தான் இன்று இரு பெரிய அமைப்புக்கள் தாங்கி நிற்கின்றன. ஒன்று, சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பூங்கா. மற்றொன்று, சென்னை மக்களின் குடிநீருக்காக 2020ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திறக்கப்பெற்ற கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். உழவையும் கால்நடையையும் நம்பி வாழ்ந்த ஓர் ஊருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தொழிற்சாலையும் வந்தது. மாநகரின் தண்ணீர்த் தொட்டியும் வந்தது.

இத்தகைய ஊர்களை இனிக் கிராமம் என்பதா, நகரம் என்பதா? பெயரளவில் நின்றுவிடும் கேள்வியன்று இது. எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறதோ அந்தப் பெயருக்குரிய அளவுகோலால்தான் ஓர் ஊருக்குக் குடிநீரும் மானியமும் பணியாளரும் வந்து சேர்கின்றனர். இதனைச் சற்று விரித்துரைப்போம்.

வடநாட்டில் தில்லியைச் சுற்றி 'நகர்ப்புறக் கிராமங்கள்' என்றே ஒரு வகை உண்டு. அங்கு 1908ஆம் ஆண்டில் வருவாய்த் துறையினர் கிராமக் குடியிருப்பைச் சுற்றி வரைபடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இட்டனர். 'லால் டோரா' என்று அதற்குப் பெயர். செங்கயிறு என்று பொருள். கோட்டுக்கு வெளியே இருந்தவை விளைநிலங்கள். உள்ளே இருந்தவை வீடுகள். தலைநகர் விரிந்தபோது வெளியே இருந்த நிலங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்த வீடுகள் மட்டும் எஞ்சி, கட்டட விதிகளுக்கும் பெரும்பாலும் உட்படாமல், ஒன்றன்மேல் ஒன்றாக மாடிகள் எழும்பி, வாடகை அறைகளாயின. முனிர்கா, ஷாப்பூர் ஜாட் முதலிய இடங்களில் இன்றும் காணலாம். சீனத்தின் ஷென்சென் நகரிலும் இக்கதையே வேறு உருவில் நடந்தது.

நம் நாட்டில் செங்கோட்டுக்கு ஒப்பானது கிராம நத்தம். வீடு கட்டிக் குடியிருப்பதற்கென்றே ஒதுங்கிய நிலம் அது. நத்தம் அரசாங்கத்தின் உடைமையாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கின்றது. எனவே நத்தத்தில் உள்ள குடியானவன் ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறான். பட்டா நிலம் உடையவனுக்கும் சட்டத்தின் துணை உண்டு. ஆனால் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை நிலம் ஒன்று ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றது. அதுவே புறம்போக்கு.

புறம்போக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் 'யாருக்கும் உரியதல்லாத நிலம்', 'பயனற்ற நிலம்' என்று பலர் எண்ணுகின்றனர்; வசைச் சொல்லாகவும் அது வழங்கத் தொடங்கிவிட்டது. தீர்வைக் கணக்கிற்குப் புறம்பாக நிறுத்தப்பட்டது என்பதே அதன் பொருள். ரயத்துவாரி முறையில் நிலத்தை அளந்து தீர்வை விதித்த காலத்தில், ஊரார் அனைவருக்கும் பொதுவான இடங்களுக்குத் தீர்வை இல்லையென்று தனியே குறித்தனர். இந்த ஏற்பாடு ஆங்கிலேயர் புதிதாகக் கண்டதும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுக்களில், ஒவ்வோர் ஊரின் நில அளவைக் கூறி, அதிலிருந்து ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதற்கே வரி கணக்கிட்டிருக்கக் காண்கிறோம். கன்று மேய்வதற்கு விட்ட நிலத்திற்குக் 'கன்றுமேய்பாழ்' என்ற பெயரும் கல்வெட்டுக்களில் வருகின்றது. 'பாழ்' என்று சொன்னாலும் அது கன்று மேயும் பாழ். பயன் இன்னதென்று பெயரிலேயே இருக்கின்றது.

இன்றைய கிராமக் கணக்கில், 'அ' பதிவேட்டைப் புரட்டினால், மேய்க்கால் புறம்போக்கு, களம் புறம்போக்கு, மந்தைவெளி, தோப்பு, வண்டிப்பாதை, ஓடை, ஏரி, இடுகாடு என்று வரிசையாகப் புல எண்கள் நிற்கும். 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ரயத்துவாரிப் பகுதிகளில் மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு இடுகாடு, மாட்டு மந்தை, தோப்பு முதலிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியைச் சார்ந்தவை. அவற்றின் பயன்பாட்டை முறைப்படுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு. ஆயினும் அதே சட்டம் ஒரு நிபந்தனையையும் வைத்திருக்கின்றது. அந்நிலங்கள் அரசாங்கத்தின் விருப்பத்திற்குட்பட்டவையாக இருக்கும்வரைதான் இவ்வுரிமை. அரசாங்கம் அவற்றைக் குறித்த ஒரு காரியத்திற்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டால் ஊராட்சியின் உரிமை ஒதுங்கிவிடும்.

தேர்வாயில் நடந்தது இதுவே. 2007ஆம் ஆண்டு முதற்கொண்டு, அவ்வூரை ஒட்டிய 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலம் தொழிற்பூங்காவிற்கென சிப்காட் நிறுவனத்திற்கு ஒதுக்கப்பட்டது. கணக்கில் மேய்க்கால் என்றிருந்தாலும் கண்ணுக்கு அது காடாகவே இருந்தது. ஊரார் அதில் ஆடு மாடுகளை மேய்த்தனர். விறகும் மூலிகையும் எடுத்தனர். அக்காட்டில் பெய்த மழைநீர் வழிந்து ஏரிகளுக்கு வந்தது. அவ்வூரில் பெரும்பான்மையோர் ஆதிதிராவிட வகுப்பினர். சொந்த நிலம் சிறிதளவே உடையவருக்கும், அறவே இல்லாதவருக்கும் அப்பொது நிலமே பெரிய ஆதரவு. ஆகவே ஊரார் எதிர்த்தனர், போராடினர், கைதாயினர், நீதிமன்றமும் சென்றனர். 2009ஆம் ஆண்டு நவம்பரில் பிரான்சு நாட்டின் மிஷெலின் டயர்க் கம்பெனி 4,000 கோடி ரூபாய் முதலீட்டில் அங்குத் தொழிற்சாலை அமைப்பதற்கு மாநில அரசாங்கத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 2012ஆம் ஆண்டில் இவ்வூர்ச் சங்கமும், தமிழ்நாட்டு நிலவுரிமை இயக்கத்தினரும், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனங்களும் தொழிற்சங்கமும் சேர்ந்து, பன்னாட்டுக் கம்பெனிகளுக்குரிய நெறிமுறைகளின் கீழ் பிரான்சிலேயே ஒரு முறையீடு செய்தனர். அதனை ஆராய்ந்த பிரெஞ்சுத் தேசியத் தொடர்பு மையம் 2013இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கும்மிடிப்பூண்டி வட்டத்து மேய்ச்சல் நிலம் ஒன்று பாரிசு நகரத்தில் வழக்காயிற்று என்பது நம் கிராம வரலாற்றில் எளிதில் நிகழ்வதன்று.

தொழிற்சாலை வந்தது. கனரக வாகனங்களுக்கான டயர்கள் அங்கு உற்பத்தியாகின்றன. பலருக்கு வேலையும் கிடைத்திருக்கின்றது. தொழில் வரக்கூடாது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. கிண்டியும் அம்பத்தூரும் தொழிற்பேட்டைகளாகாமலிருந்தால் தமிழ்நாட்டின் கைத்தொழில் இன்றைய நிலைக்கு வந்திராது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒருவனுடைய பட்டா நிலம் தேவைப்பட்டால், அதற்கு அறிவிப்பு உண்டு, விசாரணை உண்டு, விலை நிர்ணயம் உண்டு. 2014ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த புதிய நிலமெடுப்புச் சட்டம், சமூகத் தாக்க ஆய்வு ஒன்றையும் கட்டாயமாக்கி, அதில் ஊர்ப் பொதுச் சொத்துக்களையும் மேய்ச்சல் நிலத்தையும் கருத வேண்டுமென்கிறது. ஆனால் இவையெல்லாம் நிலத்தை 'எடுக்கும்'போதுதான். புறம்போக்கை எடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. கணக்கில் வகைமாற்றம் செய்து, ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு மாற்றினால் போதும். இழப்பீடு பெற உரிமையுடையவர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். எல்லாருக்கும் உரியது என்பதாலேயே எவருக்கும் ஈடு இல்லாமற் போகின்றது. திட்டம் வகுப்போர் முதலில் புறம்போக்கை நாடுவதற்கும் இதுவே காரணம்: செலவு குறைவு, வழக்கும் குறைவு.

பயன் தெரியாத நிலத்தைத் தரிசென்று எழுதிவிடும் பழக்கம் நம் கணக்குகளில் நெடுநாளாக இருந்து வருகின்றது. சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதினர். நகரத்துக் குப்பையைக் கொட்டினர். அதே நிலம் 2022ஆம் ஆண்டில் உலகப் புகழ்பெற்ற ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

நீரும் அளவுகோலும்

இனி நீர்த்தேக்கத்தைக் காண்போம். சென்னைக்கென்று பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டி முடித்தது 1944ஆம் ஆண்டில். அதன் பின் முக்கால் நூற்றாண்டு கழித்துப் புதிதாக அமைந்தது கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமே. இரண்டு ஊர்களின் ஏரிகளை ஒன்றாக இணைத்து, கரையை உயர்த்தி, சுமார் 380 கோடி ரூபாய் செலவில் இதனைக் கட்டினர். அடிக்கல் நாட்டியது 2013இல். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. 1983ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆந்திரத்திலிருந்து கண்டலேறு-பூண்டிக் கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீரையும் இதில் தேக்கி வைக்கலாம். இதற்காகப் பட்டா நிலங்களும் எடுக்கப்பட்டன; அவற்றுக்கு இழப்பீடு உண்டு என்பதை மேலே கூறியதோடு ஒப்பிட்டுக்கொள்க.

ஊர் ஏரி என்பது நீர் நிற்கும் இடம் மட்டுமன்று. மீன் குத்தகை, கரை மரங்களின் மகசூல், வண்டல் மண், கோடையில் நீர் வற்றிய படுகையில் முளைக்கும் புல் ஆகிய இத்தனையும் ஏரியோடு வருவன. மேய்க்கால் போனபின் ஏரிப் படுகையேனும் ஆடு மாடுகளுக்கு இருந்தது. மாநகருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தில் கால்நடையை இறக்க இயலாது. இயலக் கூடாது என்பதும் நியாயமே.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 500 மில்லியன் கன அடி என்பது ஏறக்குறைய 1,416 கோடி லிட்டர். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின்படி கிராமத்து மனிதன் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் நீர் குழாயில் வர வேண்டும். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரத்து மனிதனுக்கு வகுத்துள்ள அளவு 135 லிட்டர். நீர்த்தேக்கத்தின் அருகே 5,000 பேர் வாழும் ஊர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வூராருக்கும் நகரத்து அளவிலேயே நீர் கொடுப்பதானால், கூடுதலாகத் தேவைப்படுவது ஆண்டொன்றுக்கு 14.6 கோடி லிட்டர். அதாவது நீர்த்தேக்கம் ஒருமுறை நிரம்பும் நீரில் நூற்றில் ஒரு பங்கு. கரையில் நிற்பவனுக்கு 55, கரையிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளியிருப்பவனுக்கு 135 என்ற வேறுபாட்டுக்கு நீர்ப் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்ல இயலாது. ஒருவன் கிராமத்தான், மற்றவன் நகரத்தான் என்ற பெயரே காரணம்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலோ இந்தப் பெயரே மாறிவிடுகின்றது. 5,000க்குக் குறையாத மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளரில் நூற்றுக்கு 75 பேர் உழவல்லாத தொழிலில் இருத்தல் என்னும் மூன்றும் பொருந்தினால் அவ்வூரைக் 'கணக்கெடுப்பு நகரம்' என்பர். தமிழ்நாட்டில் 2001இல் 111ஆக இருந்த இத்தகைய ஊர்கள் 2011இல் 376ஆகப் பெருகின. அவை கணக்கில் நகரங்கள். நிர்வாகத்தில் கிராம ஊராட்சிகளாகவே இருக்கின்றன. நகரத்தின் குப்பை, நகரத்தின் கழிவுநீர், நகரத்தின் வாகன நெரிசல் எல்லாம் உண்டு. நகராட்சிக்குள்ள பொறியாளரும் சுகாதார ஆய்வாளரும் மட்டும் இல்லை.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இன்னொரு நிலைமையும் சேர்ந்துகொண்டிருக்கின்றது. தொழிற்சாலைகளைத் தேடிப் பீகார், ஒடிசா, அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்து குவிகின்றனர். கிராமங்களில் ஷீட் கூரை போட்ட அறைகள் வரிசையாக எழுந்து வாடகைக்கு விடப்படுகின்றன. பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை, தெருவோரத்தில் திறந்து விட்ட கழிவுநீர் என்ற காட்சி அரிதன்று. இவர்களும் ஊரின் நீரைத்தான் குடிக்கின்றனர். ஊரின் தெருவில்தான் நடக்கின்றனர். ஆயினும் நிதிக் குழு மானியங்கள் 2011ஆம் ஆண்டுத் தலைக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டு பகிரப்பட்டன. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போய், 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு நடைபெறுமென்று 2025இல் அறிவிக்கப்பட்டது. அக்கணக்கெடுப்பில் இந்த வாடகை அறைகள் விடுபடாமல் எண்ணப்படுமாறு பார்த்துக்கொள்வது ஊராட்சிக்குப் பெரும் பொருள் லாபம் தரும் காரியம்.

இடம் எங்கே?

வளரும் ஊருக்குப் பொது இடம் மிகுதியாக வேண்டும். புதிய மேல்நிலைத் தொட்டிக்கு இடம், அங்கன்வாடிக்கு இடம், பள்ளியில் பிள்ளைகள் பெருகினால் வகுப்பறைக்கு இடம், குப்பையைப் பிரித்து உரமாக்கும் கொட்டகைக்கு இடம், இடுகாட்டுக்கும் கூட இடம். பொது நிலம் அனைத்தும் கைவிட்டுப் போன ஊரில் இவற்றிற்குப் பட்டா நிலத்தை விலைக்கு வாங்க வேண்டும். தொழிற்பூங்காவின் அருகில் நிலத்தின் விலை ஊராட்சியின் கைக்கு எட்டுவதன்று. திட்டமும் பணமும் வந்திருந்தும் இடமில்லையென்று வேலை நின்று போன கோப்புக்களை எந்த ஒன்றிய அலுவலகத்திலும் காணலாம்.

எஞ்சியிருப்பதை எவ்வாறு காப்பது? முதலாவது, ஊராட்சியின் சொத்துப் பதிவேடு. பல ஊர்களில் இதில் மோட்டாரும் தெருவிளக்கும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும், நிலம் இராது. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு புறம்போக்கின் புல எண்ணையும் பரப்பையும் இன்றைய பயன்பாட்டையும் இதில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை என்றிருந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆறு முறை கூடுகின்றது. அவற்றுள் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 நீர்நிலைப் புறம்போக்குகளைப் பேசுவதற்கு மிகவும் பொருத்தமானது. ஆக்கிரமிப்பு இருப்பின், ஊர்ப் பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்பாளரை அகற்றத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011 சனவரி 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும் இட்ட கட்டளை துணை நிற்கும். ஏரிகளைப் பொறுத்தமட்டில் 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் உண்டு.

இரண்டாவது, புதிய மனைப்பிரிவுகள். பெரிய மனைப்பிரிவு போடுவோர் பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரத்தின் மூலம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இதனைத் தவிர்ப்பதற்காகவே நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி விற்போர் உண்டு. ஒப்படைக்கப்பட்ட இடத்தைக்கூட வேலியிடாமல் விட்டு, சில ஆண்டுகளில் அங்கே கடை முளைத்திருக்கக் காண்பதும் உண்டு. பத்திரம் பதிவானவுடன் பட்டாவை மாற்றி, வேலியிட்டு, பெயர்ப் பலகை நட வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிப்பதற்கு 2022இல் ஆணை பிறந்திருக்கின்றது. 2011இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது 25 கிராம ஊராட்சிகள் அதில் கலந்தன. அவ்வாறு கலக்கும் நாள் வந்தால், ஓர் ஊராட்சி தன்னுடன் கொண்டு செல்வது பதிவேட்டில் உள்ள நிலத்தையே. வாய்மொழியாக 'இது ஊர்ப் பொது' என்று சொல்லி வந்ததை எவரும் பெற்றுக்கொள்ளமாட்டார்.

மூன்றாவதாக, வகைமாற்றக் கோரிக்கை. ஒரு புறம்போக்கை வேறொரு துறைக்கு மாற்றுமுன் ஊரில் விளம்பரம் செய்து ஆட்சேபணை கேட்பதும், ஊராட்சியின் தீர்மானத்தைப் பெறுவதும் வழக்கம். விளம்பரம் பெரும்பாலும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டு, படிப்பாரின்றிக் கிழிந்து போகின்றது. தீர்மானமோ 'ஆட்சேபணை இல்லை' என்ற இரண்டே சொற்களில் முடிகின்றது. அவ்விடத்தில் எத்தனை கறவை மாடுகள் மேய்கின்றன, எந்த ஏரிக்கு அதன் வழியே நீர் வருகின்றது, பத்து ஆண்டில் ஊருக்கு அங்கு என்ன கட்ட வேண்டியிருக்கும் என்று எழுதித் தடுக்கவோ, மாற்று நிலம் கேட்கவோ, தொழிற்சாலையின் வேலைவாய்ப்பில் ஊராருக்கு முன்னுரிமை கேட்கவோ அத்தீர்மானத்தில் தாராளமாக இடம் இருக்கின்றது. சொத்துப் பதிவேட்டில் 'பயன்பாடு' என்ற பத்தி நிரப்பப்பட்டிருந்தால், தீர்மானம் எழுதும் எழுத்தருக்கு அதைப் பார்த்து எழுதிவிடலாம். வெறுமையாக இருந்தால் அவர் 'காலி நிலம்' என்றுதான் எழுதுவார்.